நிறையாத குழி

சிமெண்ட் உறை காய்ந்துதான் இறுகும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "வெயில்ல உருட்டி விடு, சீக்கிரம் கெட்டியாயிடும்" என்று அவசரத்தில் வருகிறவர்கள் யோசனை சொல்வார்கள். உறைக்காரி அவர்களோடு வாதாடமாட்டாள். அச்சிலிருந்து கழற்றிய வளையங்களை ஈரச்சாக்கால் போர்த்தி, காலையும் மதியமும் மாலையும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். ஈரம் இருக்கிறவரைதான் சிமெண்ட் பலம் பிடிக்கும். பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் தெருவுக்கு உருட்டலாம். பொத்தென்று கேட்டால் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி வார்க்க வேண்டியதுதான்.

கிணறு தோண்டும்போது மண் சரியாமல் இருக்க ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிற வளையங்கள் அவை. வீட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் அவைதான் கிடக்கும். துணி உலர்த்தத் தனியாக இடம் கிடையாது. உறைகளின் மேலேயே விரித்துவிடுவாள். அதனால் அந்த வீட்டு ஆட்களின் துணியில் எப்போதும் சாம்பல் நிறத்தில் ஒரு பிறை விழுந்திருக்கும். கடையில் அதைப் பார்த்தே, "உறைக்காரி வீட்டுக் கணக்கா?" என்று கேட்பார்கள்.

கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இந்த வேலை தெரியாது. புருஷன் கிணறு தோண்டுகிறவர். வெளியிலிருந்து வாங்கிய உறை ஒன்று பாதிக் கிணற்றில் விரிசல்விட்டு, அவர் முதுகில் சிராய்த்துக்கொண்டு விழுந்தது. காயத்துக்கு மருந்து போட்டபடி அவள் கேட்டாள்: "இதை நாமளே வார்த்தா என்ன?" அவர் சிரித்தார். அடுத்த மாதமே அச்சு வாங்கி வந்துவிட்டார். அன்றைக்கு அச்சைப் பிடித்தவள்தான், இன்னும் விடவில்லை. விரல் இடுக்கில் சிமெண்ட் அரித்து, எப்போதும் வெடித்துக்கிடக்கும் கை. பிள்ளையைத் தூங்கவைக்கத் தட்டிக்கொடுத்தால் பிள்ளை எழுந்துகொள்ளும் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அவருக்கு ஊரில் ஊத்துக்காரர் என்று பெயர். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைப்பார். விடியற்காலையில் வெறுங்காலோடு நடந்து, எங்கே குளிர்ச்சி ஏறுகிறதோ அங்கே குச்சியை நடுவார். தண்ணீர் காணாமல் அவர் குழியிலிருந்து ஏறியதில்லை என்பது ஊர்ப் பேச்சு. கொஞ்சம் மிகைதான். இரண்டு கிணறுகள் கைவிட்டிருக்கின்றன. அந்த இரண்டு வீடுகள் இருக்கும் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. சுற்றிக்கொண்டு போனாலும் போவாரே தவிர, அந்த வாசல்களைத் தாண்டமாட்டார்.

முதல் பிள்ளை ஆண். உறைகளுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டு, கூப்பிட்டால் உள்ளிருந்து எதிரொலியோடு பதில் சொல்கிற வயது. ஒரு மழைக்காலத்தில் காலையில் பேதி ஆரம்பித்தது. மதியத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அவள் தோளில் கனம் மட்டும்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் தெரு முழுவதும் ஊருக்கு வெளியே புதர்க்காட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மழை பெய்தால் அங்கே கிடந்ததெல்லாம் கரைந்து தெருவுக்குள் வரும். வீடு வீடாக வருகிற நர்ஸம்மா பல வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உறைக்காரி அழுது முடித்ததும் புருஷனிடம் கேட்ட முதல் காரியம் அதுதான்.

"நம்ம வீட்டுல ஒரு கக்கூஸ் கட்டணும்."

"கட்டலாம். குழி நிறைஞ்சா யாரு அள்ளுறது?"

"நிறையாத மாதிரி தோண்டுங்க. உங்களுக்குத் தெரியாததா."

தெருவில் எல்லோரையும் தடுத்துக்கொண்டிருந்த பயம் அதுதான். காசும் இடமும் பிறகு. நிறைந்த குழியை யாராவது ஒருவர் திறக்க வேண்டும், கை வைக்க வேண்டும். அதை நினைத்தாலே ஆட்களுக்குச் சோறு இறங்காது.

அவர் இடம் பார்த்தார். தெருவே தண்ணீர் எடுக்கிற அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கு மேல்புறம், மதிலோரம், மண் பொலபொலவென்று இருந்த இடத்தில் கடப்பாரையை நட்டார். வாழ்நாளெல்லாம் எப்படித் தோண்டினாரோ அப்படியே தோண்டினார். அவள் மேலே நின்று கூடையை இழுத்தாள். மண் கறுத்தது. பிறகு கசிந்தது. பிறகு அவர் கணுக்காலை நனைத்தது.

"வந்துடுச்சு" என்று கீழிருந்து குரல் கொடுத்தார்.

மேலே நின்றவளுக்கும் முகம் மலர்ந்தது. குழியில் தண்ணீர் வந்தால் அது நல்ல சேதி. அந்த வீட்டில் வேறு மாதிரி நினைக்க யாருக்கும் பழக்கமில்லை. மகன் போனபிறகு அவள் வார்த்த முதல் உறைகள் அந்தக் குழிக்குள்தான் இறங்கின.

கட்டி முடித்த கழிப்பறையைப் பார்வையிட வந்த அரசாங்க அதிகாரி கதவைத் திறந்து மூடினார், சுவரைத் தட்டினார், பீங்கானில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மேலே கட்டியதைத்தான் பார்ப்பார்கள். கீழே தோண்டியதைக் குனிந்து பார்க்கிறவர் யார்?

வருடங்கள் போயின. குழி நிறையவில்லை. மேட்டுப் பக்கத்து அடுத்த வீட்டுக் கடைக்காரர்தான் தெருவில் வேடிக்கையாகப் பேசுகிறவர். ஒருநாள் உள்ளே போய்விட்டு வந்து, "மச்சான், உள்ள தும்மினேன். யாரோ 'நூறு வயசு'ன்னு பதில் சொன்னாங்க. பாதாளத்துல குடித்தனம் ஏதும் இருக்கா?" என்றார். அடுத்த வாரமே அவர் வீட்டிலும் ஊத்துக்காரரைக் கூப்பிட்டுக் குழி போட்டார். பிறகு வரிசையாக எல்லாரும். "உங்க காலத்துக்கும் நிறையாது, உங்க புள்ளைங்க காலத்துக்கும் நிறையாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஏறுவார். புதர்க்காட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் புல் முளைத்துவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு மானம் போயிற்று. மேட்டுத் தெருவில், புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு தையல் மெஷினை நம்பியிருந்த ஒரு அம்மாள். அவள் வீட்டடியில் பாறை. நாலு முழம் இறங்கியதுமே கடப்பாரை பொறி கக்கியது. "போதும் அண்ணே, நிறையும்போது பார்த்துக்கலாம்" என்று தையல்காரி சொன்னாள். பக்கத்தில் அதேபோல இன்னொரு மேலோட்டமான குழி தோண்டி, ஒன்று நிறைந்தால் மற்றதுக்குத் திருப்பிவிடுகிற மாதிரி செய்துவிட்டு, அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வீடு திரும்பினார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. அதோடு அந்தத் தெருவும் அவர் போகாத தெருக்களில் சேர்ந்துகொண்டது.

மகனுக்குப் பிறகு வெகுகாலம் கழித்து ஒரு பெண் பிறந்தது. அதைப் பொடிசு என்று கூப்பிட்டார்கள். கொஞ்சலாக வைத்த பெயர் நாளடைவில் உண்மையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உயரப்படி வரிசையாக நிற்கவைப்பார்கள். பொடிசுதான் முதலில் நிற்கும். ஒன்றாம் வகுப்பிலும் முதல், இரண்டாம் வகுப்பிலும் முதல். "நான்தான் எப்பவும் ஃபர்ஸ்ட்" என்று வீட்டில் வந்து சொல்லும். அவர் சிரிப்பார். உறைக்காரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்தப் பிள்ளைக்கு வயிறு ஒன்றையும் தங்கவிடாது. நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் பேதி. தேறி எழுந்திருக்கும், தின்றது உடம்பில் ஒட்டுவதற்குள் மறுபடி. தெருவில் அது ஒன்றுக்கு மட்டும் இல்லை. போன மழைக்கு முந்திய மழையில் கடைக்காரரின் கடைசிப் பையன் போய்விட்டான். எட்டு மாதக் குழந்தை. அதற்குப் பிறகு அவர் கடையில் வேடிக்கைப் பேச்சு பாதியாகக் குறைந்தது.

"கக்கூஸ் வந்தா நோய் போயிடும்னீங்களே" என்று பெண்கள் நர்ஸம்மாவை மடக்கினார்கள். "வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டா நோயும் வீட்டோட தங்கிடும்."

நர்ஸம்மா பேச்சைத் திருப்பினாள். உறைக்காரியிடம், "சோப்பு போட்டுக் கை கழுவுறீங்கதானே?" என்று கேட்டாள். வெடித்த கையை நீட்டிக் காட்டினாள் உறைக்காரி. "சிமெண்ட் போகக் கழுவுறேன் சிஸ்டர். தோலே போகுது, அழுக்கா நிக்கும்?" வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை மூடிவைத்தாள். ஈயை விரட்டினாள். கழிப்பறையைத் தினமும் தேய்த்துக் கழுவினாள். இன்னொரு முறை தோளில் அந்தக் கனத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க அவளால் முடியாது.

பள்ளிக்கூடச் சீருடையில் தையல் விட்டுப்போனதால் மேட்டுத் தெருவுக்குப் போனாள். தையல்காரி பாவாடையைத் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவதற்காகக் கீழே மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தது.

"அண்ணி, இது நான் போட்ட மடிப்புதானே?"

"ஆமா. ஒண்ணாம் வகுப்புல சேர்த்தப்ப."

"ஒண்ணு கூடப் பிரிக்கலையே."

"பிரிக்கிற வேலையே வரல." உறைக்காரி சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

தையல்காரி மெஷினுக்குப் பக்கத்துக் கொடியைக் காட்டினாள். அவளுடைய இளையவளின் பாவாடை. மடிப்பு பிரித்த இடமெல்லாம் வெளுக்காத துணி, கோடு கோடாகத் தெரிந்தது. "இதுக்குப் பிரிச்சுப் பிரிச்சு இப்ப மடிப்பே இல்ல. கீழ வேற துணி ஒட்டுப் போடணும்" என்றாள். சொன்னபிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டிருக்க வேண்டும். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. பாறை இடுக்கில் ஊறுகிற சின்னக் கிணறு. உறைக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு, "இதையா குடிக்கிறீங்க?" என்றாள்.

"வேற எங்க போறது அண்ணி. உங்க கிணத்துத் தேனுக்குக் கொடுத்துவைக்கல."

அந்த இரண்டு பாவாடைகளும் வழியெல்லாம் அவள் கூடவே வந்தன. ஒரே வயது. ஒரே பள்ளிக்கூடம். அந்த வீட்டிலும் ஈ இருக்கிறது. அங்கேயும் வறுமைதான், சொல்லப்போனால் இவளுடையதைவிடக் கூடுதலாக. மறுநாள் நர்ஸம்மா வந்தபோது கேட்டாள்.

"தண்ணியில ஏதாவது இருக்குமா சிஸ்டர்?"

"உங்க கிணத்துலயா? தெருவே அதைத்தானே குடிக்குது."

"அதான் கேக்குறேன்."

நர்ஸம்மா சின்னச் சின்ன பாட்டில்கள் கொண்டுவந்தாள். உள்ளே ஏதோ மருந்து. தண்ணீரை நிரப்பி மூடி வைத்தால், அதில் மலத்தின் கிருமி கலந்திருந்தால் கறுத்துவிடும் என்றாள். ஒன்றில் உறைக்காரி வீட்டுத் தண்ணீர், ஒன்றில் தையல்காரி வீட்டுத் தண்ணீர். இரண்டையும் அடுப்படி அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மறுநாள் உவர்ப்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. தேன் தண்ணீர் மை போல ஆகியிருந்தது.

ஊத்துக்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். "பாட்டிலை மாத்தி வச்சிருப்பாங்க" என்றார். பிறகு, "அந்தப் பாறைத் தண்ணிய ஆடுமாடு குடிக்குமா? என் ஊத்த குறை சொல்ல ஒரு பாட்டில்" என்றார். வெளியே போய்விட்டார்.

அவள் சண்டை போடவில்லை. உறைகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். கிணற்றடியில் நின்று மதிலோரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை உறை உருண்டு போயிற்று என்பது அவளுக்கு மறக்கிற விஷயமில்லை. எல்லாம் அவள் கையில் பிறந்தவை. மேட்டுத் தெருவின் ஆழமில்லாத குழிகளுக்குப் போனவை கொஞ்சம். மற்ற வீடுகளுக்கெல்லாம் வண்டி வண்டியாகப் போயிருந்தன.

மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். பரிமாறிவிட்டு எதிரில் அமர்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா."

"பாட்டிலைப் பத்தின்னா வேண்டாம்."

"இல்ல. நம்ம கிணத்துக்கு ஊத்து எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

இந்த மாதிரிக் கேள்வி அவருக்குப் பிடிக்கும். விரலில் ஒட்டிய சோற்றோடு கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். "மேட்டுலேருந்து எறங்குது. கடைக்காரன் வீட்டுக்கு அடியில வந்து, நம்ம மதிலோரமா திரும்பி, நேரா கிணத்துல விழுது. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். சும்மாவா தேனா இருக்கு."

"கக்கூஸ் குழியில தண்ணி வந்துச்சே, அது?"

"அதே ஊத்துதான். அந்தக் கோட்டைப் புடிச்சுத்தான் குழிக்கே இடம் பார்த்தேன். தோண்ட லேசா இருக்கும்ல."

சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார். அது வாய்க்குப் போகவில்லை.

தண்ணீர்ச் சொம்பை வழக்கம்போல அவர் பக்கம் நகர்த்தப் போனவள், பாதியில் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தச் சொம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் பார்த்தேன்" என்றார். "எங்க ஈரமோ அங்கதான் என் கை போகும்."

மறுநாள் பகலில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறங்கினார். அவள் மேலே கயிற்றைப் பிடித்திருந்தாள். ஏறி வந்ததும் நனைந்த துணியோடு உறை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "நாத்தம் இல்ல. கலங்கலும் இல்ல. கண்ணாடியா இருக்கு" என்றார். பிறகு, "கண்ணாடியா இருந்தா போதும்னு நினைச்சுட்டேன்" என்றார்.

குழியை மூடிவிடலாம் என்பதில் பேச்சில்லை. வெளியே சொல்வதில்தான் அவர் மிரண்டார்.

"நம்மளத மூடிட்டு, சத்தம் போடாம மேலாப்புல ரெண்டு குழி போட்டுக்குவோம். வெளிய சொன்னா என்னை என்னன்னு சொல்லுவாங்க?"

"கடைக்காரர் வீட்டுக் குழியும் அதே ஊத்துலதானே இருக்கு? அவங்க வீட்டுது எங்க வரும்?"

"நம்ம கிணத்துக்குத்தான்."

"அப்ப?"

"அவன் புள்ள போயிருக்கான்டி. எப்படிப் போய்ச் சொல்றது?"

உள்ளே பொடிசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளும் கூடப் போனாள். இரண்டு அடி பின்னால்.

கடைக்காரர் தராசில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், குடும்பத்தோட. குழி நிறைஞ்சிடுச்சுன்னு சொல்ல வந்தியா?"

ஊத்துக்காரர் சொன்னார். சுற்றிவளைக்கத் தெரியாதவர், ஊற்று எங்கே வருகிறது, குழி எதில் நிற்கிறது, பாட்டில் எப்படிக் கறுத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். தராசுத் தட்டு ஆடி ஆடி நின்றது.

"என் பையனும் அந்தத் தண்ணிதான் குடிச்சான்" என்றார் கடைக்காரர்.

"ஆமா."

"நீ தோண்டின குழி."

"ஆமா."

கடைக்காரர் தட்டிலிருந்ததை மறுபடி மூட்டைக்குள் கொட்டினார். "போயிடு மச்சான். நான் ஏதாவது பேசுறதுக்குள்ள போயிடு."

தங்கள் வீட்டுக் குழியை அவர்கள் இரண்டு பேரும்தான் மூடினார்கள். அவர் உள்ளே போட, அவள் மணலையும் களிமண்ணையும் கூடை கூடையாகச் சுமந்து வந்தாள். வாழ்நாளில் அவர் ஒரு குழியையும் மூடியதில்லை. மண்வெட்டியை எப்படிப் பிடிப்பதென்று தெரியாதவர்போல நடு நடுவே நின்றார். முடித்ததும் மேட்டுத் தெருவுக்குப் போய், தான் வெட்கப்பட்ட அந்த இரண்டு குழிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். தையல்காரி நாற்காலி எடுத்துப் போட்டாளாம், உட்காரவில்லை. வந்து, கிணற்றுக்குக் கீழ்ப்புறம், ஊற்றுக் கோட்டைவிட்டு விலகி, ஈரம் தட்டாத ஆழத்தில் இரண்டு குழி போட்டார். ஒவ்வொரு கொத்துக்கும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். மண் காய்ந்திருக்கிறதா என்று அவர் பார்த்தது அதுதான் முதல்முறை.

தெருவில் மற்ற வீடுகளிலும் போய்ச் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. உறைக்காரி கிணற்றின் கப்பியையும் கயிற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள். மறுநாள் காலை குடத்தோடு வந்த பெண்கள் கொதித்துப்போனார்கள்.

"தண்ணியை மறைச்சு வைக்கிற அளவுக்கு வந்துட்டியா?"

"மேட்டுத் தெருவுல வாங்கிக்குங்க அக்கா. இல்லன்னா காய்ச்சிக் குடிங்க."

"உன் புருஷன் தோண்டுவானாம், நீ பூட்டுவியாம். நாங்க உவர்த் தண்ணி குடிக்கணுமா? அன்னிக்கு நிறையாதுன்னு சொன்ன வாய் எங்க போச்சு?"

"அந்த வாயாலதான் இன்னிக்கு இதையும் சொல்லுறார்."

அவர்கள் வீட்டிலிருந்து கயிறு கொண்டுவந்து இறைத்தார்கள். அவள் தடுக்கவில்லை. பொடிசுக்கு மட்டும் மேட்டுத் தெருவிலிருந்து ஒரு குடம், தினமும். "உப்பா இருக்கு" என்று பொடிசு முகத்தைச் சுளிக்கும். "குடி. நான் வேணா சர்க்கரை போட்டுத் தரேன்" என்பாள். போட்டதில்லை.

அவரைக் கிணற்று வேலைக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. தெருவில் அவர் நடந்து போகும்போது பின்னால் குரல் தாழ்த்திப் பேசுவது கேட்கும். அவர் உறை வார்க்க உதவியாக உட்கார்ந்தார். மனைவிக்குக் கீழே வேலை பார்க்கிற ஆள் என்று கேலி செய்ய ஆள் இல்லை. கேலி செய்கிற கடைக்காரரும் பேசுவதில்லையே.

மழை தொடங்குவதற்கு முன் ஒரு மதியம், கடைக்காரர் வீட்டு வாசலில் மணல் வண்டி வந்து நின்றது. கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, தானே மணலை அள்ளிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, பாதி வழியில் சிந்தியது. உறைக்காரி உள்ளே வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் தயங்கி நின்றார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சற்று நகர்ந்து இடம் விட்டார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் மணல் போட்டார்கள். கடைசியில் கடைக்காரர், "புதுக் குழிக்கு எவ்வளவு ஆழம் போதும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. அவர்களுக்குள் பழைய மச்சான் முறை திரும்பவும் வந்ததா என்றால், முழுதாக வரவில்லை.

கடைக்காரர் மூடியபிறகு இன்னும் சில வீடுகள் மூடின. எல்லா வீடும் இல்லை. தெருக்கோடியில் நிறையாத குழிகள் இன்றைக்கும் இருக்கின்றன. கேட்டால், "எங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்கிறார்கள். நர்ஸம்மா மாதத்துக்கு ஒரு முறை வந்து பாட்டில் வைத்தாள். இரண்டு மழை தாண்டியபிறகுதான் உறைக்காரியின் கிணற்றுத் தண்ணீர் பாட்டிலில் நிறம் மாறாமல் இருந்தது. அப்போதும் நம்பிக்கை வராமல் இன்னும் பல மாதம் காய்ச்சித்தான் கொடுத்தாள்.

பொடிசுக்குப் பேதி எப்போதாவது வருகிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற மாதிரி. வரிசையில் இன்னும் அதுதான் முதலில் நிற்கிறது. விட்ட வளர்த்தி விட்டதுதான், இனி முழுதாகப் பிடிக்க முடியாது என்று நர்ஸம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். உறைக்காரி கேட்டுக்கொண்டாள். அந்த வருடம் பாவாடையில் ஒரு மடிப்பு பிரிந்தது. தையல்காரி கத்தரியால் நூலை அறுத்து இழுத்ததும் வெளுக்காத துணி ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. உறைக்காரி அதன்மேல் வெடித்த விரலை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பாவாடையை மடித்து எடுத்துக்கொண்டாள்.

அதற்கு மறு வருடம், கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நின்றாள். ஊற்றிய தண்ணீர் இறங்காமல் பீங்கானில் தேங்கிச் சுற்றியது. வெளியே போய் மூடியைச் சற்று நகர்த்திப் பார்த்தாள். அவர் அச்சுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க. குழி நிறைஞ்சிடுச்சு."

அவர் எண்ணெய்த் துணியோடு நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

"நிறைஞ்சிடுச்சு. வந்து பாருங்க."

வந்து குனிந்து பார்த்தார். இரண்டு குழிகளுக்கும் பாதை பிரிகிற தொட்டியைத் திறந்து, ஒரு வாயை அடைத்திருந்த செங்கல்லை எடுத்து மற்ற வாயில் வைத்தார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அது இரண்டாவது குழிக்குள் சத்தத்தோடு விழுந்தது. நிறைந்த குழியின் மூடியைச் சரியாகப் பொருத்தி, மேலே மண் தள்ளி, காலால் மிதித்துவிட்டார்.

"இது மக்கி மண்ணாக ரெண்டு வருஷம் ஆகட்டும். நானே தொறந்து அள்ளுறேன்" என்றார்.

"அள்ளுங்க" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு, சாக்கு காய்ந்துகிடந்த உறைகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனாள்.